யாருக்காக யார் பேசுவது: ‘பழையன கழிதலும்’ நாவலில் கௌரியின் அரசியல் வேட்கை

ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989) நாவலின் கௌரியைப் பற்றி எழுதியோர் பலரும் அவளைக் கல்வியால் விடுதலை தேடிய பெண்ணாகவோ தந்தையின் ஆணாதிக்கத்தை எதிர்த்த மகளாகவோ காண்கின்றனர். இப்பார்வைகள் பிழையானவை அல்ல. ஆயினும் அவை கௌரியை வீட்டு வாயிலுக்குள்ளேயே நிறுத்திவிடுகின்றன. ‘பெண்ணியப் பாத்திரம்’ என்னும் ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்டபின் அவளிடம் மிஞ்சியிருக்கும் மற்றொன்று, அதாவது அதிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியும் தீராத ஆர்வம், ஆய்வாளர் கண்ணில் படுவதில்லை.

கௌரி வளரும் வீடு ஓர் அரசியல் கூடம். காத்தமுத்து உள்ளாட்சிப் பொறுப்பின்வழிச் செல்வாக்குப் பெற்றவர். சேரி மக்களின் வழக்குகளைக் காவல் நிலையத்திற்கும் அலுவலகங்களுக்கும் எடுத்துச் செல்பவர். யாரை மிரட்டுவது, யாரிடம் பணிவது, எந்த அதிகாரியிடம் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பதெல்லாம் மகளின் காதில் விழும்படியே நடக்கின்றன. தந்தையிடம் அவள் கொள்ளும் வெறுப்பு, அரசியலை அறியாத ஒருத்தியின் வெறுப்பு அன்று. தொழிலை அருகிருந்து பார்த்து அதன் ஒவ்வொரு நெளிவையும் கற்றுக்கொண்டவளின் வெறுப்பு அது. வேண்டாம் என்று ஒதுக்குபவள் இவ்வளவு கூர்ந்து கவனிக்கத் தேவையில்லை.

இக்கல்வியின் முதன்மைப் பாடம் தங்கத்தின் வழக்கு. கணவனை இழந்த தலித் பெண்ணான தங்கம், நிலவுடைமையாளரான பரஞ்சோதி உடையாரின் உறவினர்களால் அடித்து நொறுக்கப்பட்டு, காத்தமுத்துவின் வீட்டை வந்தடைகிறாள். தாக்குதலுக்குக் காரணம் உடையார் அவள்மீது செலுத்திய பாலியல் அதிகாரமும் அதைச் சார்ந்து எழுந்த பகையும். காத்தமுத்து உருவாக்கும் புகாரிலோ அக்காரணம் மறைகிறது. சாதி இந்துக்களின் தெருவில் நடந்ததற்காக அவள் அடிக்கப்பட்டாள் என்று நிகழ்ச்சி மாற்றி எழுதப்படுகிறது. உள்ளபடி சொன்னால் அவளது ஒழுக்கமே விசாரணைக்குள்ளாகும். தீண்டாமைக் கொடுமையாகச் சொன்னால் சட்டம் அசையும். கணக்கு தவறானது என்று எளிதில் கூறிவிட இயலாது. வழக்கு வலுப்பெறுகிறது. ஆனால் தங்கத்தின் உடல்மீது நிகழ்ந்தது எதுவோ, அது மனுவிலிருந்து நீங்கிவிடுகிறது. பின்னர் இழப்பீட்டுத் தொகை காத்தமுத்துவின் கைக்குப் போகிறது. தங்கமும் அவ்வீட்டில் மூன்றாம் மனைவியின் நிலைக்குத் தள்ளப்படுகிறாள். அவளுக்காகப் பேசியவர் அவள்மீது உரிமை கொண்டாடுபவராகிறார்.

‘பிரதிநிதித்துவம்’ என்ற ஒரே சொல் தமிழில் சட்டமன்றத்தில் ஒருவர் சார்பாக அமர்வதையும் எழுத்தில் ஒருவரைச் சித்திரிப்பதையும் குறிக்கிறது. கௌரியின் சிக்கல் இச்சொல்லின் இரு பொருளுக்கும் நடுவில் அமைந்தது. தலைமைப் பண்புக்கு வேண்டிய அறிவும் சினமும் சொல்வன்மையும் அவளிடம் உள்ளன. ஆனால் நாவல் அவளுக்கு மேடை அமைத்துத் தரவில்லை. காத்தமுத்துவின் செல்வாக்குச் சரியும்போது தலைமை தொழிற்சங்கம் வழியாக இளைஞன் சந்திரனை அடைகிறது. கௌரிக்குக் கிடைப்பது கல்லூரி. அதையும் திருமண ஏற்பாட்டிலிருந்து தப்பியே அவள் பெறவேண்டியுள்ளது. அரசியல் வாரிசுரிமையும் நிலத்தைப் போலவே ஆண்வழிச் செல்கிறது என்பதை நாவல் விளக்கவுரை எதுவுமின்றிக் காட்டிவிடுகிறது. நன்னூல் நூற்பாவின் முற்பகுதி மட்டுமே தலைப்பாகி, புதியன புகுவது பற்றிய பகுதி விடப்பட்டுள்ளமை இங்கு நினைக்கத்தக்கது. பழைய தலைமை கழிகிறது. அவ்விடத்திற்குள் கௌரி புகுவதில்லை.

இவ்வின்மையை ஆசிரியரின் கற்பனைக் குறையாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிய 73ஆம் அரசமைப்புத் திருத்தம் 1993இல்தான் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் அதன்படியான தேர்தல் 1996இல் நடந்தது. 1989இல் தலித் பெண்ணொருத்தி ஊராட்சித் தலைவராவது எதார்த்த நாவலுக்குள் எளிதில் அடங்கக்கூடிய நிகழ்ச்சி அன்று. இடஒதுக்கீடு வந்தபின்னும் பதவியின் விலை எத்தகையது என்பதை 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் கொல்லப்பட்டமை காட்டியது.

அதே 1997இல் வெளிவந்த ‘பழையன கழிதலும்: ஆசிரியர் குறிப்பு’ எதிர்பாராத திசையில் செல்கிறது. கௌரி பதவியை நோக்கி நகரவில்லை. எழுதியவள் என்னும் நிலையில் விசாரணைக்கு உள்ளாகிறாள். முதல் நாவல் தலித் தலைவர் ஒருவரைத் தாழ்த்திக் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்திருந்தது. காத்தமுத்துவுக்கு நியாயம் செய்யப்பட்டதா, மகளின் மனக்கசப்பு சமூக விமர்சனத்தின் உடையணிந்து வந்ததா என்னும் ஐயங்களை ஆசிரியரே எழுப்பிக்கொள்கிறார். இதனைப் பின்நவீனத்துவ உத்தி என்று மட்டும் கூறி அமைவது போதாது. தங்கத்தின் கதையை வழக்கின் தேவைக்கேற்ப மாற்றிய காத்தமுத்துவும், காத்தமுத்துவின் கதையை நாவலின் தேவைக்கேற்ப அமைத்த ஆசிரியரும் ஒரே கேள்வியின்முன் நிறுத்தப்படுகின்றனர். வாக்குக் கேட்டு வரும் எவரிடமும் மக்கள் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே: எங்கள் சார்பாகப் பேச உமக்கு உரிமை அளித்தது எது?

இந்திய ஆட்சிப் பணியில் இருந்த சிவகாமி 2008இல் பதவி விலகினார். 2009 மக்களவைத் தேர்தலில் கன்னியாகுமரித் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். பின் சமூக சமத்துவப் படை என்னும் கட்சியைத் தொடங்கினார். இவ்வாழ்க்கைக் குறிப்புகளைக் கொண்டு நாவலை முன்னறிவிப்பாக வாசிப்போர் உளர். அவ்வாசிப்பு கௌரியின் தயக்கத்தை வெறும் காத்திருப்பாகச் சுருக்கிவிடும். கௌரியின் தயக்கம் அச்சத்தால் வந்ததும் அன்று. பிறர் சார்பாகப் பேசும் ஆசை தன்னிடமும் உண்டு என்பதையும், தந்தையிடம் அவ்வாசை என்னவாயிற்று என்பதையும் அவள் ஒருசேர அறிந்திருக்கிறாள். அரசியல் வேட்கையுடைய இளம்பெண்ணைப் படைக்கும் புனைகதைகள் தடைகளை எப்போதும் வெளியில் வைத்துவிடுகின்றன: குடும்பம், சாதி, கட்சி. சிவகாமி அவற்றைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வேட்கைக்குள்ளேயே ஒரு தடையையும் கண்டார்.

இவ்வகையில் நாவலின் மையம் கௌரியிடமிருந்து மீண்டும் தங்கத்திடம் நகர்கிறது. அவள் பேசாதவள் அல்லள். காத்தமுத்துவின் வீட்டுக்கு வந்தபோதே நடந்ததைச் சொல்கிறாள். அந்த வாய்மொழி அவள் சொன்ன வடிவிலேயே காவல் நிலையத்தைச் சென்றடைவதில்லை. படித்த மகள் இருக்கும் வீட்டிலிருந்தும் அது அவ்வாறு வெளியேறவில்லை.