புஸ் மோத் என்றொரு குட்டி விமானம்

ஓமந்தையிலிருந்து ஏ-9 வீதியில் தெற்கே போனால் வவுனியா விமானத்தளம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை பாவித்த தளம் அது. பியூஃபோர்ட் டார்பிடோ விமானங்கள் நின்ற இடம். பிறந்ததிலிருந்தே அதற்குப் போர்தான் தொழில். எனக்குப் பிடித்த விமானக் கதை அதற்கும் முந்தியது.

1935 நவம்பர் 27 அன்று கொழும்பை அடுத்த இரத்மலானை விமானத்தளத்தில் முதன்முதலாக வந்திறங்கியது ஒரு டி ஹாவிலண்ட் புஸ் மோத். ஓட்டி வந்த டிண்டேல் பிஸ்கோ, மதராஸ் பிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர். அந்தத் தளத்தின் ஆகாயக் கதவை முதலில் தட்டியவர் அக்கரையில் பறக்கச் சொல்லிக்கொடுத்த ஒரு வாத்தியார்!

அந்த விமானத்தைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கவேண்டும். உருக்குக் குழாய்ச் சட்டம், மேலே துணிப் போர்வை. மூடிய அறைக்குள் விமானியும் ஒன்றிரண்டு பயணிகளும். ஏறக்குறைய 120 குதிரைவலு ஜிப்சி எஞ்சினைத் தலைகீழாகப் பொருத்தியிருப்பார்கள். சிலிண்டர்கள் கீழே தொங்குவதால் விமானிக்கு முன்பக்கம் மறைக்காது. இறக்கைகளைப் பின்னால் மடித்துச் சின்னக் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம்.

நான் சொக்கிப்போவது அதன் கால்களில். சில்லுத்தண்டை மூடிய தகட்டை விமானி உள்ளிருந்தே குறுக்கே திருப்புவார். காற்று அதில் மோத, வேகம் தணியும். பிரேக் போடத் தனியாக ஒரு பொறி வேண்டாம், இருக்கிற மூடியே போதும் என்று யோசித்த அந்த மூளைக்கு ஒரு சபாஷ்.

பிஸ்கோ வந்திறங்கிய பிறகு, 1938இல், இந்தியாவின் டாடா நிறுவனத் தபால் விமானம் கொழும்புக்கு வரத் தொடங்கியது.