மரத்தைப் பாடியவர் வாசலை மறந்தார்

ரேடியா பெர்ல்மன் 1985-ல் ஸ்பேனிங் ட்ரீ முறையை விளக்கி எழுதிய கட்டுரைக்கு, சுருக்கவுரையாக ஒரு கவிதையையே வைத்தார். பெயர் ‘அல்கோரைம்’. ஜாய்ஸ் கில்மரின் ‘ட்ரீஸ்’ கவிதையைக் கேலியாகத் திருப்பிப்போட்ட 12 வரிகள். நெட்வொர்க் படிக்கிறவங்க எல்லாரும் ரசிக்கிற கவிதை. நானும் ரசிக்கிறேன். ஆனா அதுல ஒரு குறை இருக்கு.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு லூப் என்பது கொஞ்சம் விசித்திரமான விஷயம். பேச்சிப்பாறைத் தண்ணி கால்வாய் வழியா குளத்துக்கு வரும். குளம் நிறைஞ்சா மறுகால் பாய்ஞ்சு அடுத்த குளத்துக்குப் போகும். எத்தனை குளம் ஏறி இறங்கினாலும் மறுபடி அணைக்குத் திரும்பாது. சரிவு பார்த்துக்கொள்ளும்.

ஈதர்நெட் ஃபிரேமுக்கு அந்தச் சரிவு கிடையாது. ஐபி பாக்கெட்டில் டிடிஎல் ஒவ்வொரு தாவலிலும் ஒன்று குறைந்து கடைசியில் பூஜ்யமாகும். ஃபிரேமில் அப்படி ஒரு எண்ணே இல்லை. ஒரே கேபிளின் இரண்டு முனையையும் தெரியாம ஒரே ஸ்விட்சில் செருகினா போதும். பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றி வரும், பெருகும், நெட்வொர்க் மூச்சுத் திணறும்.

மனிதர்கள் சிக்கலாக்கி வைப்பதை ஸ்விட்சுகள் தாமாகவே சரிசெய்துகொள்ளும் என்ற நம்பிக்கையோடு கவிதை முடிகிறது. குறை அங்கேதான். ஸ்விட்சுகள் பிபிடியு என்னும் செய்தியைப் பரிமாறி, சிறிய எண் கொண்டதை வேராகத் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் இந்தத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் இல்லை. அக்சஸ் போர்ட்டில் யாரோ செருகிய பழைய ஸ்விட்சும் நின்று ஜெயிக்கலாம்.

சர்வர் இணைகிற அக்சஸ் போர்ட் 30 விநாடி காத்திருக்க வேண்டாம் என்று போர்ட்ஃபாஸ்ட் போடுகிறோம். சரிதான். ஆனா அது மட்டும் இருந்தா, பிபிடியு வந்து சேரும் வரைக்கும் லூப் ஓடும். அதனால கூடவே பிபிடியு கார்டு வேணும்: அந்தப் பக்கமிருந்து ஒரு பிபிடியு வந்தாலே போர்ட் அணைந்துவிடும். பிபிடியு ஃபில்டரை அதே போர்ட்டில் போடுறவங்க உண்டு. அது காவல்காரன் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. சில மலிவான ஸ்விட்சுகள் பிபிடியுவை விழுங்கிவிடும். அதுக்கு ஸ்டார்ம் கன்ட்ரோல் வேணும்.

2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் ஸ்பேனிங் ட்ரீ அதன் வரம்பைத் தாண்டி வளர்ந்து நெட்வொர்க் முடங்கியது. டாக்டர்கள் சில நாள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். அங்கே காரணம் அக்சஸ் போர்ட் இல்லை. ஆனாலும் மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

கவிதைக்குத் திருத்தம் எழுதியவரும் பெர்ல்மன்தான். 2011-ல் தரமாக வெளியான டிரில் முறையில் தாவல் எண்ணிக்கையைச் சேர்த்தார். இன்று பல டேட்டா சென்டர்களில் ஸ்விட்சுகளுக்கு இடையே ஐபி ஓடுகிறது. நடுவில் சரிவு வந்துவிட்டது. சர்வர் செருகும் வாசல் மட்டும் இன்னும் சமதரைதான்.

கார்டு போட்டு ஒரு போர்ட் அணைஞ்சா ஒருத்தர் போன் பண்ணித் திட்டுவார். போடாம விட்டா யாராலும் போன்கூட பண்ண முடியாது. திட்டு வாங்குறதே மேல்.