மெருகும் மெய்யும்

ஓவியன் கற்பனை செய்வான். புகைப்படக் கருவியோ கண்டதைக் கண்டவாறே காட்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. ஆயின் இன்று காட்டுப் பறவை ஒன்றின் படம் நாட்காட்டியிலோ சுற்றுலா விளம்பரத்திலோ இடம்பெறுமுன் கணினியிற் பலவாறு திருத்தப்பட்டே வருகின்றது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் மாணவனும் இத்திருத்தத்தை நொடிப்பொழுதிற் செய்துவிடுகிறான். ஆதலின் இதனைத் தொழில்நுட்பர் சிலரது கவலையென ஒதுக்கிவிட முடியாது. கலைக்கும் யதார்த்தத்துக்கும் உள்ள உறவு குறித்து இலக்கியத்தில் நாம் நெடுங்காலமாக நடத்திவரும் விவாதமே இங்கும் எழுகின்றது.

படத்தைத் தொடவே கூடாது என்போர் ஒரு சாரார். நேர்மையான கூற்றாகத் தோன்றினும் ஆராயுமிடத்து இது நிலைபெறாது. அடர்ந்த காட்டினுள் ஒளி இலைகளினூடாக வடிந்து பச்சை தோய்ந்து வருகின்றது. மனிதக் கண் அப்பச்சையைத் தானே கழித்துக்கொள்ளும். கருவி அவ்வாறு செய்வதில்லை. இருளில் ஒளியுணர்வைக் கூட்டிப் படம்பிடித்தால் மணல் தூவியது போன்ற புள்ளிகள் படமெங்கும் பரவும். கருவி தந்த மூலப்படம் காடுமன்று, நாம் கண்டதுமன்று. புள்ளிகளைத் தணித்தலும், மிகைப்பச்சையைக் களைதலும், நிழலிற் புதைந்த கண்ணைத் துலக்குதலும் பொய்யாகா. அவை கருவி இழந்ததை மீட்கும் வேலைகள். கருவியின் பதிவே யதார்த்தம் என்பது, புறத்தோற்றத்தைப் பிரதிசெய்தலே இலக்கியம் எனக் கொண்ட இயற்பண்புவாதத்தின் தவறேயாகும்.

மீட்பதற்கும் புனைவதற்கும் இடையிலான எல்லை எளிதில் மங்குவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி ஏற்றமையால், படங்களில் வானம் வெறும் வெண்மையாயிற்று. 1850களில் பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலை ஒரு தகட்டிலிருந்தும் வானத்தை மற்றொரு தகட்டிலிருந்தும் அச்சிட்டு இக்குறையைப் போக்கினார். இழந்த வானம் திரும்பக் கிடைத்தது. ஆயினும் சில படங்களில் அது வேறொரு வேளையின் வானமாயிற்று.

நமது மலைநாட்டுக் காடுகளில் மங்கல்நீல ஈப்பிடிப்பான் என்றொரு பறவை உண்டு. இலங்கைக்கே உரிய இனம். அதன் பெயரே நிறத்தின் அடக்கத்தை உணர்த்தும். உடலிற் சாம்பல் கலந்த நீலம். நெற்றியிலும் அலகின் கீழும் அந்நீலம் சற்றுத் துலங்கும். கண்ணுக்கும் அலகுக்கும் இடையே கருமை. இந்நீலம் சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது. திருத்துவோர் நிறச்செறிவைக் கூட்டும்போது முதலில் அழிவது நெற்றிக்கும் உடலுக்கும் இடையிலான வேறுபாடே. படம் பளிச்சிடும், பறவை வேறொன்றாகிவிடும். நிழலில் ஒடுங்கி வாழும் உயிரைக் கடைக்கண்ணாடிப் பொம்மையாக்கிவிட்டு, அழகுபடுத்தினோம் என்கின்றனர். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் இதனினும் ஒருபடி மேலே செல்கின்றது. பதிவாகாத இறகிழைகளை, தான் முன்னர்க் கற்ற எண்ணற்ற படங்களைக் கொண்டு ஊகித்து வரைகின்றது. அவ்விழைகள் எந்தப் பறவைக்கும் உரியன அல்ல.

மெருகு பறவையோடு நிற்பதுமில்லை. முகத்தை மறைக்கும் சுள்ளியை அழிப்பர்; பின்னாலுள்ள மின்கம்பியை நீக்குவர்; ஓரத்திற் தெரியும் தகரக் கூரையை இலைகளால் மூடுவர். ஈண்டு நமது மரபு கூறுவதை எண்ணிப்பார்த்தல் தகும். தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்கும்போது புள்ளைத் தனியே நிறுத்தவில்லை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, செய்தி, யாழ் என்பவற்றோடு ஒருங்கு வைத்தது. செய்தி என்பது மக்களின் தொழிலைக் குறிக்கும். நிலமும், மரமும், அங்கு உழைப்போரின் தொழிலும் சேர்ந்தே ஒரு பறவையின் உலகமாகின்றன. தொழிலைத் துடைத்துவிட்டுப் புள்ளை மட்டும் காட்டுதல் திணையைச் சிதைப்பதாகும்.

ஊவாவில் இச்சிதைவின் பொருள் இன்னும் கனமானது. கொழும்பு – மட்டக்களப்பு வீதியிலிருந்து பெரகலச் சந்தியிற் பிரிந்து ஹப்புத்தளைக்கு ஏறும் பாதையில் நின்று நோக்குக. சரிவெங்கும் தேயிலை, மேலே எஞ்சிய காடு. இக்காடு எச்சமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. முதலிற் கோப்பிக்காக மரங்கள் வீழ்த்தப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை பரவிற்று. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் உழைப்பே இம்மலையை உருமாற்றியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட மக்களின் லயத்தைப் படத்திலிருந்தும் நீக்கிவிட்டு, மனிதர் தீண்டாத இயற்கை எனப் பெயரிடுவது யாருக்குப் பயன்படும்? தூய காட்டைத் தேடிவரும் உல்லாசப் பயணிக்கும், அவனுக்குக் காட்சியை விற்பவனுக்குமே பயன்படும். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. அச்சரிவுகளில் மனிதர் வாழ்கின்றனர் என்பதை மறைக்கும் எந்த அழகும் குற்றமற்றதாக இருத்தல் இயலாது.

உலகெங்கும் இவ்வினா எழுந்துள்ளது. 2016இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மக்கறி வெளியிட்ட படங்கள் சிலவற்றில் மனித உருவங்களும் பொருள்களும் நீக்கப்பட்டிருந்தமை அம்பலமாயிற்று. தாம் செய்தியாளரல்லர், காட்சிவழிக் கதைசொல்பவர் என்பது அவரது விடை. கதைசொல்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் கதை என்று முன்கூட்டியே சொல்லும் கடமையும் உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் ஒளியையும் நிறத்தையும் அளவோடு சீர்செய்யலாம். உயிரையோ செடியின் பகுதியையோ சேர்த்தலும் நீக்கலும் ஆகா. மூலப்படத்தையும் நடுவர் கேட்டு வாங்குவர்.

தெரிவின்றிக் கலை உண்டா எனச் சிலர் வினவலாம். உண்மையே. கந்தப்பளைத் தோட்டமொன்றிற் பிறந்த ஜி. எம். ஹென்றி, 1955இல் வெளிவந்த இலங்கைப் பறவைகள் பற்றிய தமது நூலுக்குத் தாமே படங்களை வரைந்தார். இனத்தை அடையாளங் காட்டுவதற்காக அவர் பலவற்றை விடுத்தார். ஓவியம் என்பதால் எவரும் ஏமாறவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் வண்ணத்தையே விலக்கிக் கறுப்பு வெள்ளையிற் காட்டுயிர்களைப் படம்பிடித்தார். வண்ணமின்மையும் அனைவருக்கும் தெரியும்படியே இருந்தது. படத்தின் ஓரத்தை வெட்டிச் சிறிதாக்குவதும் தெரிவுதான். ஆனால் சட்டத்தைச் சுருக்குவோன் நான் இவ்வளவே காட்டுகிறேன் என்கிறான். உள்ளிருந்ததை அழிப்போனோ அங்கு ஒன்றும் இருக்கவில்லை என்கிறான். முன்னது எல்லை, பின்னது பொய்ச்சாட்சி.

ஆதலின் மாணவருக்கு நாம் கற்பிக்க வேண்டியது மென்பொருளை வெறுப்பதன்று. மூலப்படத்தை அழியாது வைத்திருக்கவும், இடத்தையும் நாளையும் செய்த திருத்தங்களையும் படத்தின் கீழ் எழுதவும் அவர்களைப் பழக்குவோம். கருவி இழந்ததை மீட்டேனா, காட்டில் இருந்ததை நீக்கினேனா என்று ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அவர்கள் தம்மையே கேட்கட்டும். மங்கிய நீலத்தையும், சுள்ளியையும், தகரக் கூரையையும் உள்ளவாறு பார்க்கப் பழகிய கண்ணே, இம்மலையின் வாழ்வையும் உள்ளவாறு பார்க்கும்.