பள்ளி தனக்குத் தானே போடும் மதிப்பெண்

தாம்பரம், பல்லாவரம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர் அறைகளில் ‘ஷாலா சித்தி’ என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பள்ளி தன்னைத் தானே அளந்துகொள்ள வேண்டும், குறைகளை முன்னுரிமைப்படி அடுக்க வேண்டும், அதிலிருந்து ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுத வேண்டும் என்பதுதான் அது. டெல்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் பல்கலைக்கழகம் தயாரித்த இந்தச் சட்டகம் 2015 நவம்பர் 7 அன்று வெளியானது. மொத்தம் 7 களங்கள், 46 தரநிலைகள். ஒவ்வொரு தரநிலையிலும் பள்ளி தனக்கு 1, 2, 3 என்று ஒரு நிலை போட்டுக்கொள்ளும். பத்தாண்டுகள் ஓடிவிட்டன. இந்த மதிப்பீட்டால் பள்ளிகள் திட்டமிட்டு முன்னேறியிருக்கின்றனவா என்று கேட்க இதுவே போதுமான காலம்.

முதலில் அதற்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அதிகாரி வருவார், பதிவேட்டைப் புரட்டுவார், ஒரு குறிப்பு எழுதிவிட்டுப் போவார் என்ற பழைய ஆய்வு முறையோடு ஒப்பிட்டால், பள்ளியையே பேச வைப்பது பெரிய முன்னேற்றம். இங்கிலாந்தில் 1996-இல் ஜான் மக்பீத் குழு பள்ளித் தன்மதிப்பீட்டுக்கு ஒரு முறையை வகுத்தபோது, அதைக் கேட்டு வாங்கியது ஆசிரியர் சங்கமே. மேலிருந்து வரும் ஆய்வுக்கு ஆசிரியர்கள் தந்த பதில் அது. (அதே தன்மதிப்பீடு பிற்பாடு அங்கே அரசுப் படிவமாக மாறி, எல்லோரையும் சலிப்படைய வைத்து, 2011-இல் கைவிடப்பட்டது. நமக்கு அந்தப் பின்கதை எட்டவில்லை போலும்.) ஷாலா சித்தியின் கேள்விகளும் மோசமானவை இல்லை. கழிப்பறை இருக்கிறதா என்பதோடு அது நிற்பதில்லை. போதுமான அளவில் இருக்கிறதா, பயன்படும் நிலையில் இருக்கிறதா என்றும் கேட்கிறது. நம் அரசுப் புள்ளிவிவரங்கள் பல, முதல் கேள்வியிலேயே திருப்தியடைந்து எழுந்து போய்விடுபவை.

ஆனால் கேள்வி நல்லதாக இருப்பதால் திட்டம் நடந்துவிடாது. இதற்கு நம்மிடம் வலுவான சான்று ஒன்று இருக்கிறது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளீதரனும் அபிஜித் சிங்கும் மத்தியப் பிரதேசத்தில் குலுக்கல் முறையில் தேர்ந்த 1,774 பள்ளிகளில் இந்த வகைத் திட்டத்தைச் சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பீடுகள் ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளிலும் முடிந்தன. பள்ளிகளுக்குக் கொடுத்த தரங்களும் பொய்யில்லை. நல்ல பள்ளி எது, நலிந்த பள்ளி எது என்று அவை சரியாகவே காட்டின. ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி மேம்பாட்டுத் திட்டமும் எழுதப்பட்டது. பள்ளி நடக்கும் விதத்திலோ, பிள்ளைகள் கற்றதிலோ எந்த மாற்றமும் இல்லை. களத்தில் கண்ட முக்கிய விளைவு, கூடுதல் அறிக்கைகளும் காகித வேலையும்தான். ஆனாலும் திட்டம் வெற்றி என்றே கருதப்பட்டு, நாடு முழுவதும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது.

மத்தியப் பிரதேசம் வேறு, தமிழ்நாடு வேறு என்று சொல்லலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் அங்கே திட்டம் தோற்ற காரணம் இங்கேயும் அப்படியே இருக்கிறது: மதிப்பெண் என்னவாக இருந்தாலும், அதன் பிறகு யாருக்கும் எதுவும் மாறுவதில்லை.

கட்டாயக் கல்விச் சட்டம் 2009, பிரிவு 22-ஐப் படித்தால் இது இன்னும் வெளிச்சமாகும். பள்ளி மேலாண்மைக் குழு ஒரு மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும். அரசும் உள்ளாட்சியும் தரும் மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்று சட்டம் சொல்கிறது. அதைச் சார்ந்த மாதிரி விதிகள், மூன்றாண்டுத் திட்டமாக, ஆண்டு வாரியாகப் பிரித்து எழுதச் சொல்கின்றன. நடைமுறையில் பள்ளியின் கைக்கு வரும் முக்கியப் பணம், ‘சமக்ர சிக்ஷா’ என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம். அது எப்படித் தீர்மானமாகிறது? தலையை எண்ணி. 31 முதல் 100 மாணவர் வரை 25,000 ரூபாய், 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். பள்ளி தனக்கு நிலை 1 போட்டாலும் நிலை 3 போட்டாலும் இந்தத் தொகையில் ஒரு ரூபாய் கூடப் போவதுமில்லை, குறையப் போவதுமில்லை. போதாக்குறைக்கு, கல்விக் கொள்கைத் தகராறில் 2024-25-இல் ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷாவில் தமிழகத்துக்குரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. திட்டம் எழுதச் சொல்லிவிட்டு, பணத்தைத் திட்டத்தோடு சேர்க்காமல் விட்டதுதான் இந்த முறையின் அடிப்படைக் கோளாறு. மற்றவை இதற்குப் பிறகுதான்.

அடுத்தது அதிகாரம். ஷாலா சித்தி வெளியான அதே நவம்பரில் சென்னையின் தெற்கே பள்ளிகள் மழைக்காக நாள்கணக்கில் மூடிக்கிடந்தன. டிசம்பர் தொடக்கத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. அந்தப் பகுதியில் தாழ்வான இடத்தில் ஒரு பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ‘பாதுகாப்பு’ என்ற தரநிலையில் தலைமையாசிரியர் நேர்மையாக நிலை 1 போடுகிறார். சரி, மேம்பாட்டுத் திட்டத்தில் என்ன எழுதுவார்? ஆற்றங்கரை நீர்வளத் துறையுடையது. வடிகால் உள்ளாட்சியுடையது. அந்த உள்ளாட்சி எது என்பதிலேயே குழப்பம்: 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது முடிச்சூர் ஊராட்சியாகவே நின்றது. காலியான ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவதும் அவர் கையில் இல்லை; அது கலந்தாய்வில் தீரும் விஷயம். 46 தரநிலைகளில் 12 வளங்களைப் பற்றியவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பள்ளி மனு எழுதலாமே தவிர, முடிவெடுக்க முடியாது. மனுக்களின் தொகுப்பைத் திட்டம் என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் மதிப்பெண்ணோடு பரிசையும் தண்டனையையும் கட்டிவிடலாமே என்று தோன்றும். அதுவும் சிக்கல்தான். கல்லூரிகள் தன்னாய்வு அறிக்கை கொடுத்து, உயர்கல்வித் தரமதிப்பீட்டு அமைப்பான ‘நாக்’கிடம் தரம் வாங்குகின்றன. அந்தத் தர எழுத்துக்கு விளம்பர மதிப்பும் நிதி மதிப்பும் உண்டு. 2025 பிப்ரவரியில், உயர்தரம் தர லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. மதிப்பெண்ணுக்கு விலை வைத்தால் மதிப்பெண்ணே விற்பனைக்கு வந்துவிடுகிறது. ஆகவே பணத்தைச் சேர்க்க வேண்டியது மதிப்பெண்ணோடு இல்லை, திட்டத்தோடு. சட்டமும் அதைத்தான் சொன்னது.

உருப்படியான தன்மதிப்பீடு எப்படி இருக்கும் என்பதற்கு வெளியே தேட வேண்டியதில்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆசிரியர் பிள்ளைகளைச் சோதித்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார். அடுத்த நாள் காலை அந்தப் பிரிவுப்படியே பாடம் நடத்துகிறார். செயலியில் தேர்வு வைத்துப் பதிவேற்றும் சுமை பற்றிய ஆசிரியர்களின் குறை நியாயமானதே. ஆனால் அமைப்பைக் கவனியுங்கள்: அளப்பவரும் செயல்படுபவரும் ஒரே ஆள், அளந்ததற்கும் செயலுக்கும் இடையே ஓர் இரவுதான். ஷாலா சித்தியில் அளப்பவர் செங்கல்பட்டு மாவட்டத்து ஒரு தலைமையாசிரியர். செயல்பட வேண்டியவர் யார் என்று படிவத்தில் கட்டமே இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவையும் இங்கே எடைபோட வேண்டும். 2022-இல் தமிழ்நாடு அதை மறுகட்டமைத்தது: அப்போது 20 பேர், அவர்களில் 15 பேர் பெற்றோர், தலைவர் ஒரு பெண். மாதாமாதம் கூட்டம், தீர்மானங்கள் செயலியில் ஏறுகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் பெரும்பாலான கூட்டங்களின் தீர்மானங்கள் சுற்றுச்சுவர், குடிநீர், கழிப்பறை என்றே முடிகின்றன. தன் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்று கேட்கும் தாய்க்கு அந்தத் தீர்மானப் புத்தகத்தில் இடமில்லை. இந்தக் குழு கூட எல்லோருக்கும் கிடையாது. 2012 திருத்தத்துக்குப் பின் அரசு உதவி பெறும் பள்ளிகளில் அது ஆலோசனை சொல்ல மட்டுமே. சேலையூர், குரோம்பேட்டை வீதிகளில் நிறைந்திருக்கும் சுயநிதிப் பள்ளிகளுக்குச் சட்டப்படி அதுவும் தேவையில்லை.

ஆகவே என் தீர்ப்பை அந்தச் சட்டகத்தின் அளவுகோலிலேயே சொல்கிறேன். குறையைக் கண்டறியும் கருவியாக ஷாலா சித்திக்கு நிலை 2. திட்டமிடும் கருவியாக நிலை 1, அதுவும் தாராளமாக. அதைக் கைவிடச் சொல்லவில்லை. உடைத்து இரண்டாக்கச் சொல்கிறேன். பள்ளி தானே மாற்றக்கூடிய ஐந்தாறு விஷயங்கள், அதாவது வாசிப்பு, வருகை, பின்தங்கிய பிள்ளைகளுக்கான நேரம் போன்றவை, ஒரு பக்கத்தில். இவை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் மட்டும். கல்வித் துறையின் ‘எமிஸ்’ தகவல் தளத்தில் ஏற வேண்டியதில்லை. மற்றவர்கள் செய்து தர வேண்டியவை இன்னொரு பக்கத்தில், எந்த அலுவலகம் என்ற பெயரோடு. அந்தப் பக்கத்துக்கு மேலிருந்து எழுத்தில் பதில் வராத வரை, அடுத்த ஆண்டுப் படிவத்தைப் பள்ளியிடம் கேட்கும் உரிமை துறைக்கு இருக்கக் கூடாது.

மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குப் பிரிவு 22-இன் நகலை எடுத்துப் போங்கள். நம் பள்ளியின் மூன்றாண்டுத் திட்டம் எங்கே, இந்த ஆண்டு மானியத்தில் எவ்வளவு அதன்படி வந்தது என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.