சத்திரக்கார அக்காவின் வாழ்க்கைக் குறிப்பு

மும்பை தாராவியின் தமிழ்க் கிறிஸ்தவ சபைகளில் அடக்க ஆராதனையின் நடுவே ஒருவர் எழுந்து ஒரு தாளை வாசிப்பார். பெரும்பாலும் மூத்த மருமகன். இல்லையென்றால் தமிழ் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்த ஒரு பேத்தி. பிறந்த ஊர், பெற்றோர், ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், பம்பாய்க்கு வந்த ஆண்டு, பிள்ளைகள் பார்க்கும் வேலை, பேரப்பிள்ளைகளின் பெயர்கள், கடைசி நோய், எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்ற விவரம். வாசித்து முடித்ததும் ஒரு கீர்த்தனை பாடுவார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தோல் ஷாப்புக்கும் மில் வேலைக்கும் வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த வழக்கம் இது. வாழ்க்கைக் குறிப்பு என்கிறோம்.

இந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பணம் உள்ளவர்கள் நாளிதழில் கால் பக்கம் வாங்கி நினைவஞ்சலி போடலாம். வாழ்க்கைக் குறிப்புக்குக் காசு வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் விடியற்காலை மாவு அரைத்து, இட்லி அவித்து, அதை விற்ற காசில் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு பெண்ணின் பெயர், அப்பா பெயரோடும் ஊர்ப் பெயரோடும் தேதியோடும் சபை முழுக்கக் கேட்கும்படி சொல்லப்படுகிறது. ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் வெளியே அவர் வாழ்க்கையை யாரோ உட்கார்ந்து வரிசையாக எழுதியது அந்த ஒரு முறைதான். எழுதத் தெம்பில்லாத வீட்டுக்கும் இந்த அச்சு கைகொடுக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்து மறுநாளே அடக்கம் என்ற அவசரத்தில், எதை எழுத வேண்டும் என்று வழக்கமே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அன்று சாயங்காலமே அது வாட்ஸ்ஆப்பில் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்கும் சாயர்புரத்துக்கும் போய், ஊரில் இருக்கும் உறவுகளையும் துக்கத்தில் சேர்த்துவிடுகிறது.

மும்பையில் அந்தத் தாளுக்கு இன்னொரு கனமும் உண்டு. இங்கே கல்லறைக்கு இடமில்லை. சேவ்ரி போன்ற பெரிய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களிலும் பங்குக் கோயில்களின் கல்லறைகளிலும் பல குழிகள் சில ஆண்டுகளில் மறுபடி திறக்கப்படும். எலும்புகளை எடுத்துச் சுவர் மாடத்தில் வைப்பார்கள். கல்லில் பெயர் வெட்டி நூறு வருஷம் நிற்க வைக்கும் பாக்கியம் தாராவிக் குடும்பங்களில் அநேகருக்குக் கிடையாது. அதனால் என்ன எழுதுகிறோம் என்பது முக்கியமாகிறது. அங்கேதான் எனக்கு மனக்குறை.

சபையில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அக்காவை எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், அவரைப் போன்றவர் ஒவ்வொரு சபையிலும் ஒருவராவது இருக்கிறார். டிசம்பர் இரவுகளில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது, ஒரு ஆள் மட்டுமே நுழையக்கூடிய சந்துகளில் டோலக்கை முன்னால் விட்டு, எந்தக் கட்டையில் தொடங்க வேண்டும் என்று பாட்டை எடுத்துக் கொடுப்பவர். கீர்த்தனைகளை எண் சொன்னாலே பாடுவார், புத்தகம் திறக்கமாட்டார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுப்பார். மகனோடு செம்பூருக்குக் குடிபோன பிறகும் ஞாயிறு காலையில் பஸ் பிடித்துப் பழைய சபைக்கே வந்தவர். அவர் உட்கார்ந்த வரிசையில் சிரிப்புச் சத்தம் அடங்க நேரமாகும். ஆயர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் அவருக்கு எப்போதும் சத்திரக்காரர் வேடம். மரியாளும் யோசேப்பும் வந்து இடம் கேட்கும் காட்சியில் எழுதிக்கொடுத்த வசனம் ஒரே வரிதான், இடமில்லை என்று. அக்கா அதோடு விடமாட்டார். தலையில் குளியல் துண்டு, கருப்புக் கம்பளி நூலில் மீசை, இடுப்பில் சாவிக்கொத்து. யோசேப்பை மேலும் கீழும் பார்த்து, எந்த ஊர், என்ன வேலை, டெபாசிட் எவ்வளவு வைத்திருக்கிறாய், பகடிப் பணம் கொடுப்பாயா, ஜாமீனுக்கு யார் இருக்கிறார் என்று பாதி தமிழும் பாதி பம்பாய் இந்தியுமாகக் கேட்பார். பிள்ளை பிறக்கப்போகிறது என்றால் தண்ணீர் அதிகம் செலவாகும், வாடகை கூட்டுவேன் என்பார். மண்டபம் அதிரும். சிரிப்பவர்கள் ஒவ்வொருவரும் இந்த நகரத்தில் எங்கோ ஒரு வாசலில் இதே கேள்விகளுக்குக் கைகட்டிப் பதில் சொல்லியிருப்பார்கள். பெத்லகேமில் இடம் கிடைக்காமல் அலைந்த குடும்பம் தங்கள் குடும்பம்தான் என்று அந்த நிமிடத்தில் அவர்களுக்குப் புரிந்துவிடும். லூக்கா இரண்டாம் அதிகாரத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் பிரசங்க மேடையிலிருந்து நான் கேட்டதில்லை.

இப்படி ஒருவர் இறந்தால் வாழ்க்கைக் குறிப்பில் என்ன வரும்? சபைக் காரியங்களில் ஆர்வமுள்ளவர், பாடகர் குழுவில் ஊழியம் செய்தார் என்று ஒரு வரி. அடுத்த வரியே சர்க்கரை வியாதிக்குப் போய்விடும். ஒருவரின் கடைசி ஆறு மாதம் ஆறு வரியாகவும், நாற்பது டிசம்பர்கள் அரை வரியாகவும் நிற்கின்றன. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு மனதில் பதிவது ஒரு பொறுமையான தாய், ஜெபவீராங்கனை, வலியைச் சகித்தவர். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்த இன்னொரு அம்மாவுக்கும் இதையேதான் வாசித்தார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்தால், முதல் காரணம் அந்தத் தாளின் எலும்புக்கூடே உறவுகளால் ஆனது. யாருக்கு மகள், யாருக்கு மனைவி, யாருக்குத் தாய். உறவு வழியாக வராத எதற்கும் அதில் இடம் தேட வேண்டியிருக்கிறது. ஆண்களுக்காவது உத்தியோகம், சபைக் கமிட்டி, செயலாளர் பதவி என்று சில வரிகள் தனியாகக் கிடைக்கும். நாடகத்தில் நடிப்பது பதவி ஆகாது. அதைவிட ஆழமான காரணம், பெண்ணின் சிரிப்பை நாம் இன்னும் பக்தியின் எதிர்ப்பக்கத்தில் வைத்திருப்பது. உயிரோடு இருந்தவரை அக்காவைச் சுற்றி உட்கார்ந்து ரசித்தவர்களே, சாவு வீட்டில் அவர் 'அடக்கமானவர்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அது அவருக்குச் செய்யும் மரியாதை என்று மனதார நம்புகிறார்கள்.

நம் மரபு அப்படிச் சொல்லவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடியபோது, குறவன் சிங்கனையும் அவன் பறவை பிடிக்கும் வேடிக்கையையும் ஒதுக்கவில்லை. ஆத்தும அறுவடைக்கு உருவகமாக உள்ளே கொண்டுவந்தார். கத்தோலிக்கக் கிராமங்களின் கூத்து மேடைகளில் புனிதரின் கதைக்கு நடுவே கோமாளியான கட்டியக்காரன் வந்து ஊர் நியாயம் பேசுவான். சத்திரக்கார அக்கா அந்த வரிசையில் வந்தவர்.

சாவு வீட்டிலும் முன்பு வேறு ஒரு வழி இருந்தது. ஒப்பாரியில் இறந்தவளின் கைப்பக்குவம் வரும், அவள் கட்டிய சேலையின் நிறம் வரும், சண்டை போட்ட கதைகூட வரும். நம்பிக்கையில்லாதவர்களைப் போல அழக் கூடாது என்று சபை அதை அடக்கியது. அதற்குப் பதிலாகப் பாமாலையும் கீர்த்தனையும் வந்தன. மறுமையின் நம்பிக்கையைப் பாடும் அந்தப் பாட்டுகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சாவு வீட்டில் நூறு பேர் சேர்ந்து பாடுவது கொடுக்கும் பலம் தனி. ஆனால் இறந்தவளைப் பற்றிய சின்னச் சின்ன விவரங்களைச் சொல்லும் வேலை ஒப்பாரியோடு போய்விட்டது. அது பெண்கள் கையில் இருந்தது. தாள் மருமகன் கையில் இருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஆராதனை ஆண்டவருக்கு உரியது, இறந்தவரைப் புகழும் மேடை இல்லை என்பார்கள். கத்தோலிக்கத் திருப்பலி விதிமுறையே அடக்கத் திருப்பலியில் மறையுரை உண்டு, புகழுரை கூடாது என்கிறது. இதன் நியாயம் எனக்குப் புரிகிறது. புகழுரைக்குக் கதவைத் திறந்தால் செல்வாக்குள்ளவருக்கு அரை மணி நேரமும் இல்லாதவருக்கு இரண்டு நிமிடமும் என்று ஆகிவிடும். சாவின் முன் எல்லாரும் சமம் என்று காட்டும் ஒரே இடத்தையும் இழந்துவிடுவோம். ஆனால் அதே கத்தோலிக்க முறையில் திருவிருந்துக்குப் பிறகு குடும்பத்தார் ஒருவர் சில வார்த்தை பேச இடம் இருக்கிறது. அதற்கு மேல் முப்பதாம் நாள் இருக்கிறது, ஓராண்டு நினைவு இருக்கிறது, வீட்டில் நடக்கும் ஸ்தோத்திரக் கூட்டம் இருக்கிறது, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் இருக்கிறது. அங்கெல்லாம் யாரும் தடுக்கவில்லை. அங்கேயும் நாம் அடக்கத்தன்று வாசித்த தாளையே மறுபடி வாசித்து, பிரியாணி பரிமாறி முடித்துவிடுகிறோம்.

இதே நகரத்தில் இன்னொரு கிறிஸ்தவ சமூகம் வேறு விதமாகச் செய்திருக்கிறது. கோவாக்காரர்களின் தியாத்ர் நாடகம் 1892 ஏப்ரல் 17 அன்று பம்பாயில்தான் முதலில் மேடையேறியது. பெண் வேடத்தையும் ஆண்களே போட்டுவந்த காலத்தில், 1904-இல் ஜோவாவ் அகுஸ்தின்யோ ஃபெர்னாண்டஸ் தம் மனைவி ரெஜினாவை மேடையேற்றினார். ரெஜினா ஃபெர்னாண்டஸ் தியாத்ரின் முதல் நடிகை என்று இன்றும் சொல்கிறார்கள். ஏப்ரல் 17-ஐ ஆண்டுதோறும் தியாத்ர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். டிக்கெட் விற்ற நாடகம் என்பதால் நோட்டீஸும் பத்திரிகை விளம்பரமும் இருந்தன, பெயர் தங்கியது. தமிழர்களிலும் இப்படி உண்டு. தாராவியிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம், 1952-இல் தொடங்கிய ஷண்முகானந்த சபா இருக்கிறது. 1963-இல் திறந்த அதன் அரங்கம் 1990-இல் எரிந்து, 1998-இல் மீண்டும் திறந்தது. அங்கே பாடியவர்களுக்கு மலரும் அழைப்பிதழும் விமர்சனமும் சாட்சி. சபை மண்டபத்தில் சேலையைத் திரையாகக் கட்டி நடந்த நாடகத்துக்கு அப்படி ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. பார்த்தவர்களின் வாய்தான் பதிவேடு. அதனால்தான் வாழ்க்கைக் குறிப்பின் மேல் இவ்வளவு பாரத்தை வைக்கிறேன். இந்தப் பெண்களுக்கு வேறு தாள் கிடைக்காது.

வழக்கத்தை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடக்கத்தன்று அந்தத் தாள் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே அளவு என்ற அதன் நியாயம் பெரியது. முப்பதாம் நாளுக்கு இன்னொரு தாள் எழுதலாம். அதை எழுத மருமகனைத் தேட வேண்டாம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவரோடு உட்கார்ந்தவர்கள், கேரலில் பின்பாட்டுப் பாடியவர்கள், மரியாளாக நடித்து இன்று பாட்டியாகிவிட்டவர் சொல்லட்டும். எந்த ஆண்டு எந்த வேடம், எந்தக் கீர்த்தனையை அவர் எடுத்தால் மட்டும் சரியாக வரும், வசனத்தில் சொந்தமாக எதைச் சேர்த்தார், யாரைக் கேலி செய்தார், அவர்கள் கோபித்துக்கொண்டார்களா. சிரிப்பு வந்தால் வரட்டும்.

இதில் அவசரமும் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்புக்கு வீடு வீடாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தள வீடுகளுக்குத் தாராவிக்குள்ளேயே இடம் என்கிறது திட்டம், பிந்தியவர்களுக்கு வெளியே. ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் இனி நகரத்தின் வேறு வேறு மூலைகளுக்குப் போவார்கள். கேரல் போன சந்துகள் இருக்காது. அந்தச் சந்துகளில் யார் பாடினார்கள் என்று கேட்டு எழுத ஒரு நாற்பது பக்க நோட்டும், ஞாயிறு ஆராதனை முடிந்து டீ குடிக்கும் அரை மணி நேரமும் போதும். சத்திரக்காரர் காட்சியை வசனத்தோடு சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.