பயிலுனர் வாய் திறந்தால்

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று பயிலுனர்களுக்கு ஓயாமல் சொல்கிறோம். சும்மா இருக்காதே, போய்க் கேள், வேலையைக் கேட்டு வாங்கு என்கிறோம். அறிவுரை நல்லதுதான். யாருக்கு, எந்த அளவுக்கு நல்லது என்பதை மட்டும் நாம் நிறுத்துப் பார்ப்பதில்லை.

2020 செப்டெம்பரில் இலங்கை அரசு பல்லாயிரம் பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுத்தது. மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. வேலை இன்னதென்று வரையறுக்காமலே பலர் பிரதேச செயலகங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட்டு, பின்னேரம் வரை உட்கார்ந்திருந்து வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். மன்னார் மாவட்டத்துக் கொண்டச்சியைச் சேர்ந்த, பட்டம் முடித்த ஒரு பிள்ளைக்குக் கிட்டிய பெரிய அரச கந்தோர் சிலாவத்துறையிலுள்ள முசலிப் பிரதேச செயலகம். அப்படியொரு இடத்தில் வாய் திறப்பதால் என்ன கிடைக்கும்?

நிறையக் கிடைக்கும். காணிக் கிளையையே எடுத்துக்கொள்வோம். 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்திலிருந்து திரும்பி வந்த பகுதி இது. அனுமதிப்பத்திரம் தொலைந்தவர், தகப்பன் பெயரில் உள்ள காணியைத் தேடி வருபவர், தன் வளவு காடாகிக் கிடப்பதைக் கண்டவர் என்று வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு. இங்கே “சேர், ஏதாவது வேலை இருக்கா?” என்று கேட்கும் பயிலுனருக்கு “இருங்க, சொல்லுறன்” என்ற பதில்தான் வரும். “சேர், இந்த விண்ணப்பங்களை ஊர் வாரியாப் பிரிச்சு, எதுக்கு எந்தக் கடிதம் குறையுதெண்டு ஒரு பட்டியல் போடட்டா?” என்று கேட்பவருக்கு அன்றைக்கே கோப்புக் கட்டு கைக்கு வரும். இரண்டு மாதத்தில் காணிக் கச்சேரி எப்படி நடக்கிறது, ஒரு கோப்பு எந்த மேசையில் தேங்குகிறது என்பது அவருக்கு அத்துப்படியாகிவிடும். எந்தப் பயிற்சி வகுப்பும் இதைக் கற்றுத்தராது. குறிப்பாகக் கேட்பதில்தான் இந்தப் பழக்கத்தின் முழுப் பலமும் இருக்கிறது.

இதே மன்னார்க் கரையில் பழைய பயிலுனர் ஒருவரும் வேலை பார்த்திருக்கிறார். ஆங்கிலேயரான லெனார்ட் வூல்ஃப் 1905 தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பயிலுனராக வந்தார். அங்கிருந்து 1906இல், கொண்டச்சிக்குத் தெற்கே மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்புக்கு அனுப்பப்பட்டார். யாழ்ப்பாணத்து அரச அதிபர் பிரைஸ் கெட்டிக்காரர், ஆனால் சோம்பேறி என்றும், அவருடைய வேலையில் பெரும்பகுதி தன் தலையில் விழுந்ததால் நிருவாகம் கற்றதாகவும் வூல்ஃப் பிற்காலத்தில் எழுதினார். 1908இல் அம்பாந்தோட்டைக்கு உதவி அரச அதிபராகப் போனபோது அவருக்கு வயது 27. விழுந்ததைச் சுமந்ததற்குப் பலன் கிடைத்தது, உண்மைதான். ஆனால் அவர் ஆளும் இனத்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர். கேட்டுப் பிழையாகிப் போனாலும் அவருக்கு நட்டமில்லை.

அவர் மேற்பார்த்த குளியாளிகளின் நிலை வேறு. அரபுக் குளியாளிகள் தன்னோடு மனிதனுக்கு மனிதனாய் நிமிர்ந்து பேசியது வூல்ஃபுக்குப் பிடித்திருந்தது. அதே முகாமிலிருந்து, அவர்களைக் கைத்தடியால் அடித்து வேலை வாங்குவதாக நண்பருக்குக் கடிதமும் எழுதினார். துணிந்து பேசுகிறவனை மெச்சுகிற அதிகாரி அவனுக்கு உரிமை கொடுத்துவிடுவார் என்று நம்ப முடியாது. இன்றைய கந்தோர்களிலும் இதைப் பார்க்கிறோம். “கெட்டிக்காரப் பிள்ளை” என்ற பெயரோடு, அடுத்தவருடைய தட்டச்சு வேலையெல்லாம் அந்தப் பிள்ளையின் மேசைக்கு வந்து சேர்கிறது. கற்றுக்கொள்ள வந்தவர் குறைந்த கூலிக்கு ஓர் எழுதுவினைஞராகிவிடுகிறார்.

இந்த அறிவுரையின் பெரிய குறை இனிமேல்தான் வருகிறது. குளியாளி அடியில் கயிற்றை அசைக்கிறான், மேலே படகில் ஒருவன் கையில் அந்தக் கயிறு இருப்பதால் உயிரோடு ஏறுகிறான். கயிற்றைப் பிடிக்க ஆளை வைக்காமல், நன்றாக அசைக்கப் பழகு என்று நாம் பயிலுனருக்குப் பாடம் எடுக்கிறோம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்பிள்ளை, மேலதிகாரி பேசும் சிங்களம் முழுதாக விளங்காதவர், பெரியவர்கள் முன் குரல் உயர்த்தக் கூடாதென்று வளர்ந்தவர் ஆகியோர் கேட்கத் தயங்குவது அவர்களுடைய திறமைக் குறைவல்ல. கேட்பவருக்குத்தான் வாய்ப்பு என்று ஆக்கிவிட்டால், ஏற்கெனவே பேசப் பழகிய வீட்டுப் பிள்ளைக்கே அது மறுபடி போகும். தன் கடமையைச் செய்யாத கந்தோரும் “அவங்க கேக்கல்லையே” என்று தப்பிக்கொள்ளும்.

இருந்தாலும் பிள்ளைகளைக் கேட்கச் சொல்வதை நான் நிறுத்தமாட்டேன். அதோடு கந்தோரிடமும் கேட்பேன். முதல் வாரத்திலேயே எழுத்தில் ஒரு வேலைப்பட்டியல் வேண்டும். காணி, சமூகசேவை, கணக்கு என்று ஒவ்வொரு கிளையிலும் பயிலுனர் ஒவ்வொரு மாதம் இருக்க வேண்டும். கிழமைக்கு ஒருதரம் கிளைத் தலைவர் பயிலுனரைக் கூப்பிட்டு, இந்தக் கிழமை என்ன படித்தாய், அடுத்ததாக என்ன வேண்டும் என்று தானே முதலில் விசாரிக்க வேண்டும்.