யாருடைய இக்கணம்? கெஸ்டால்ட் சிகிச்சையின் பள்ளிகளும் அவற்றுக்கான அளவுகோலும்

கெஸ்டால்ட் சிகிச்சையைப் பற்றி எதுவும் படிக்காதவர்கூட 'இப்போது, இங்கே' என்ற அதன் முழக்கத்தை எங்காவது கேட்டிருப்பார். அந்தப் புகழே இம்மரபுக்குத் தொல்லையாகிவிட்டது. பழையதை மற, நாளையை நினைக்காதே, இக்கணத்தில் வாழ் என்ற உபதேசமாக அது சுருங்கிப் போனது. மூல நூல்களிலோ நிகழ்கணம் ஒரு பார்க்கும் முறையாக வருகிறது. எதிரே அமர்ந்திருப்பவரின் பேச்சு, குரல், மூச்சு, கை அசைவு ஆகியவற்றை விளக்கம் சேர்க்காமல் முதலில் விவரிக்க வேண்டும். அந்த விவரிப்பைத் திருத்தும் உரிமையை அவரிடமே விட்டுவைக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை எந்தப் பள்ளி காத்தது, எது கைவிட்டது என்று பார்த்தே இம்மரபை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. 'இப்போது' என்ற சொல் எத்தனை முறை ஒலித்தது என்பது கணக்கில் சேராது.

இம்முறையின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. உலகைப் பற்றி நாம் ஏற்கெனவே முடிவு கட்டி வைத்திருப்பவற்றைச் சற்று நிறுத்திவைத்து, அனுபவம் எப்படித் தோன்றுகிறதோ அப்படியே அதை ஆராய வேண்டும் என்றது எட்மண்ட் ஹுஸ்ஸெர்லின் நிகழ்வியல். கெஸ்டால்ட் சிகிச்சையைத் தொடங்கிய ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் 1926இல் பிராங்பர்ட்டில், மூளையில் காயம்பட்ட போர்வீரர்களை ஆராய்ந்துவந்த கூர்ட் கோல்ட்ஸ்டைனிடம் உதவியாளராக இருந்தார். அதே நகரில் ஆதெமார் கெல்பிடம் உளவியல் பயின்ற, பின்னர் பெர்ல்ஸின் மனைவியான லோரா, மார்ட்டின் பூபரிடமும் பால் டில்லிக்கிடமும் பாடம் கேட்டவர். தத்துவத்தில் கணவரைவிட அவருக்கே பிடிமானம் அதிகம். பெர்ல்ஸைக் கொண்டாடுபவர்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1933இல் வெளியேறிய குடும்பம் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்கா வழியாக நியூயார்க் சேர்ந்தது. அங்கே 1951இல் பெர்ல்ஸ், ரால்ஃப் ஹெஃபர்லைன், பால் குட்மன் ஆகிய மூவர் பெயரில் 'கெஸ்டால்ட் தெரபி' நூல் வெளிவந்தது. அந்தந்த நொடியில் உணர்வதை 'இப்போது' என்று தொடங்கும் வாக்கியங்களாகச் சொல்லிப் பார்ப்பது அதன் முதல் பயிற்சிகளில் ஒன்று. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களிடம் இப்பயிற்சிகளைச் செய்து பார்த்தார் ஹெஃபர்லைன். பலன் கண்டவர்கள் எழுதித் தந்ததோடு, குறை சொன்னவர்களும் எரிச்சல்பட்டவர்களும் எழுதியதையும் நூல் அச்சிட்டது. ஒரு சிகிச்சை முறையின் தொடக்க நூலே தன்னை மறுக்கும் குரல்களுக்கு இடம் தந்தது சாதாரண விஷயமல்ல.

அதே பெர்ல்ஸ் 1960களில் கலிபோர்னியாவின் எசலன் மையத்துக்குப் போனபோது நிலைமை மாறியது. கார்ல் ரோஜர்ஸ், பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் மூவரும் ஒரே பெண்ணைத் தனித்தனியே சந்திக்கும் 1965ஆம் ஆண்டுப் படத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பயமாக இருக்கிறது என்று சொல்லும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்வதைப் பெர்ல்ஸ் உடனே சுட்டிக்காட்டுகிறார். அது அருமையான நிகழ்வியல் கவனிப்பு. ஆனால் அடுத்த மூச்சில் அந்தப் பெண் நடிக்கிறார், போலி என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். முகத்தில் சிரிப்பு இருந்தது அந்தக் கணத்தின் செய்தி. போலித்தனம் பெர்ல்ஸ் அதற்குத் தந்த பொருள். அந்தப் பெண் கோபத்தோடு மறுத்ததைப் பெர்ல்ஸ் கோபம் வெளிப்பட்டதற்கான அறிகுறியாக ஏற்றாரே தவிர, தன் பார்வைக்கு வந்த திருத்தமாக ஏற்கவில்லை. அதிர்ச்சி தந்தால்தான் ஆள் விழிப்பார் என்று அவர் பக்கம் பேசுபவர்கள் உண்டு. லீபர்மன், யாலம், மைல்ஸ் மூவரும் பல பள்ளிகளின் குழு அமர்வுகளைப் பற்றி 1973இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு இடம் தரவில்லை: விளைவைத் தீர்மானித்தது பள்ளியின் பெயரைவிடத் தலைமை ஏற்றவரின் நடத்தைதான், கவர்ச்சியும் தாக்கும் குணமும் சேர்ந்த தலைவர்களின் குழுக்களில்தான் பாதிப்புக்கு உள்ளானவர்கள் அதிகம். ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: உடனடி மகிழ்ச்சி விற்கும் கூட்டத்தை 1969இல் தன் நூலின் முன்னுரையில் பெர்ல்ஸே சாடியிருக்கிறார்.

மற்ற பள்ளிகள் வேறு வழிகளில் போயின. 1952இல் தொடங்கிய நியூயார்க் நிறுவனத்தில் லோராவும் இசடோர் ஃப்ரோமும் மனிதர் தன் சூழலைத் தொடும் எல்லையில் கவனம் வைத்தனர். 1954இல் தொடங்கிய கிளீவ்லாந்து நிறுவனம் புலனுணர்விலிருந்து செயலுக்கும் பின் விலகலுக்கும் செல்லும் அனுபவச் சுழற்சியை வரைந்தது. கற்பிக்க வசதியான படம் அது; வசதியே ஆபத்து, ஏனெனில் ஆளைப் பார்க்க வேண்டிய கண் படத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். என் அளவுகோலுக்கு மிக நெருங்கி வந்தது லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிதான். போலியோவால் உடல் முடங்கிய மனநல மருத்துவர் ஆர்னால்ட் பீசர் 1970இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தான் அல்லாத ஒன்றாக ஆக முயலும்போது மனிதர் மாறுவதில்லை, தான் இருக்கும் நிலையை முழுதாக ஏற்கும்போதே மாறுகிறார் என்பது அதன் சாரம். அப்படியானால் மாற்றத்தைப் பிடித்துத் தள்ளும் வேலை சிகிச்சையாளருக்கு இல்லை. கேரி யான்டெஃபும் லின் ஜேக்கப்ஸும் பூபரின் உரையாடல் சிந்தனையை இதோடு இணைத்தனர். சிகிச்சையாளரின் பார்வையும் பல பார்வைகளில் ஒன்றானது.

கலப்பில்லாத விவரிப்பு என்று ஒன்று உண்டா என்பது கடினமான ஆட்சேபம். பெர்ல்ஸ் சிரிப்பைக் கவனித்தார், மற்ற எதையோ விட்டார்; கவனிப்பதே தேர்வுதான். உண்மை. அதனால்தான் திருத்தும் உரிமை எதிரே இருப்பவரிடம் இருந்தாக வேண்டும். சிகிச்சையாளரின் கண் குற்றமற்றது என்று நம்பினால் அவ்வுரிமைக்குத் தேவையே இராது. கடந்த காலத்தை இம்முறை புறக்கணிக்கிறது என்ற குற்றச்சாட்டு அவ்வளவு கனமானதல்ல. ஒரு ராகத்தைக் கேட்கும்போது முந்தைய சுரம் இன்னும் பிடியில் இருக்கிறது, அடுத்தது எதிர்பார்ப்பில் இருக்கிறது என்பது ஹுஸ்ஸெர்லின் 1905ஆம் ஆண்டுக் கால விரிவுரைகளின் கருத்து. அதுபோலக் கடந்ததும் நிகழ்கணத்துக்குள்ளேயே இருக்கிறது: இறந்த தாயைப் பற்றிப் பேசுபவரின் தொண்டை அடைப்பது இன்றைக்குத்தான். மேரி ஹென்லி 1978இல் தொடுத்த தாக்குதல் வேறு வகை: வெர்த்தைமரும் கோலரும் வளர்த்த கெஸ்டால்ட் உளவியலுக்கும் பெர்ல்ஸின் சிகிச்சைக்கும் உறவே இல்லை என்றார். ஆய்வுக்கூடக் கோட்பாட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் அனுபவத்தை முன்முடிவின்றி விவரிக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது. அதை அவர் எளிதாகக் கடந்துவிடுகிறார்.

திருத்தும் உரிமை காக்கப்படுகிறதா என்பதை எப்படி அளப்பது? தொழில் அமைப்புகள் வகுத்த தரங்கள் பெரும்பாலும் பயிற்சியின் நீளத்தை அளக்கின்றன. ஐரோப்பிய உளசிகிச்சைச் சங்கத்தின் சான்றிதழுக்கு 3,200 மணி நேரக் கல்வியும் பயிற்சியும் வேண்டும். தேவையானதுதான், ஆனால் அறைக்குள் நடப்பதை அது காட்டாது. அறைக்குள் எட்டிப் பார்க்க முயன்றது, ஆஸ்திரேலியாவில் மேட்லின் ஃபோகர்ட்டியும் குழுவினரும் பல நாட்டு வல்லுநர்களின் கருத்தைத் திரட்டி உருவாக்கிய அளவீடு. விழிப்புணர்வு, இப்போது-இங்கே, நிகழ்வியல் நடைமுறை, உறவு, உடல், களம், தொடர்பு, பரிசோதனை மனப்பாங்கு என எட்டுக் கூறுகள் அதில் உண்டு. இவற்றைச் சிகிச்சையாளரின் கண்ணில் படும் நடத்தைகளாகப் பிரித்து, அமர்வின் ஒளிப்பதிவைப் பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். பெயரை நம்பாமல் செயலைப் பார்ப்பதால் இதை வரவேற்கிறேன். ஆனாலும் மதிப்பெண் இடுபவர் வெளியே இருக்கும் வல்லுநர். 1965ஆம் ஆண்டுப் படத்தின் அந்தச் சிரிப்புக் காட்சியை இப்படி மதிப்பிட்டால் பெர்ல்ஸுக்கு இப்போது-இங்கே என்ற கூறில் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். தன் மறுப்பு எப்படிக் கேட்கப்பட்டது என்பதை அந்தப் பெண் சொல்ல அளவீட்டில் ஒரு கட்டம் வேண்டும்.